ஆப்பிரிக்காவில் நிலம் அதிரும்போது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியாவின் அடாமா நகரில் சில ஆண்டுகள் நிலவியல் ஆசிரியராக இருந்தேன். அங்கிருந்தபோதும் சரி, ஊர் திரும்பிய பிறகும் சரி, ஆப்பிரிக்காவில் எங்கே நிலம் அதிர்ந்தாலும் யாராவது ஒருவர் என்னை அழைத்துவிடுவார். 2023 செப்டம்பரில் மொராக்கோ, 2025 தொடக்கத்தில் எத்தியோப்பியா, அதே ஆண்டு நவம்பரில் எரிமலைச் சாம்பல் வட இந்தியா வரை வந்த செய்தி என்று ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். பிள்ளைகளை அங்கே வேலைக்கு அனுப்பிய பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், என் பழைய மாணவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. எனக்கே பதில் சொல்லச் சிரமமாக இருந்தவை பின்னால் இருக்கின்றன.

ஆப்பிரிக்காவில் நிலநடுக்கமா? ஜப்பான், இந்தோனேசியா என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

வரும், பெரிதாகவும் வரும். 1910 டிசம்பர் 13 அன்று தான்சானியாவின் ருக்வா ஏரிப் பகுதியில் 7.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கருவிகள் பதிவு செய்தவற்றுள் அதுவே பெரியது. 1990 மே மாதம் இன்றைய தெற்கு சூடானில் ஜூபாவுக்கு அருகே ஏற்பட்டது 7ஐத் தாண்டியது. 2006இல் மொசாம்பிக்கில் ஏற்பட்டது 7.0. அல்ஜீரியாவின் எல் அஸ்னாம் நகரை 1980 அக்டோபர் 10 அன்று சாய்த்ததும் 7க்கு மேற்பட்டதுதான். அதில் 2,600க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

ஜப்பானைப் போல அடிக்கடி வருவதில்லை என்பது உண்மை. அங்கே புவித்தட்டு, அதாவது பூமியின் மேற்பரப்பைத் தாங்கும் பெரும் பாறைப் பலகை, ஆண்டுக்கு 8, 9 செ.மீ. நகர்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் பிளந்து விலகும் பகுதியில் நடப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அழுத்தம் சிறுகச் சிறுகச் சேர்வதால், ஒரே இடத்தில் இரண்டு பெரிய நிலநடுக்கங்களுக்கு நடுவே பல நூற்றாண்டுகள் போய்விடலாம். அதற்குள் ஊர் மறந்துவிடுகிறது. அந்த மறதியைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன்.

எந்தெந்த நாடுகளில் அதிகம் வருகிறது?

இரண்டு பட்டைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வடக்கே உள்ளது. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளில் ஆப்பிரிக்கத் தட்டும் ஐரோப்பா இருக்கும் தட்டும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இன்னொன்று கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு. ஜிபூட்டியிலும் எத்தியோப்பியாவின் அஃபாரிலும் தொடங்கித் தெற்கே மலாவி, மொசாம்பிக் வரை நிலம் இழுபட்டு விலகும் பகுதி அது. விக்டோரியா ஏரியை அடைந்ததும் அது இரு கிளைகளாகிறது. கிழக்குக் கிளை கென்யா வழியாகப் போகிறது. மேற்குக் கிளையில் ஆல்பர்ட், கிவு, டாங்கனிக்கா, மலாவி ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. வரைபடத்தில் அந்த ஏரிகள் ஏன் அப்படி நீளமாக, ஒடுக்கமாக இருக்கின்றன என்று மாணவர்களைக் கேட்பேன். நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் அவை. டாங்கனிக்காவின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை கி.மீ.

இவற்றுக்கு வெளியேயும் வந்திருக்கிறது. 1939 ஜூன் 22 அன்று கானாவின் அக்ரா, 1969 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் செரஸ்–டல்பாக், 1983 டிசம்பரில் கினி, 1992 அக்டோபரில் கெய்ரோ. எங்கே வராது என்று கேட்டால் எந்த நாட்டின் பெயரையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆப்பிரிக்கா இரண்டாகப் பிளக்கிறதாமே? கென்யாவில் சாலை பிளந்த வீடியோ பார்த்தேன்.

பிளப்பது உண்மை. ஆனால் அந்த வீடியோவை அதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. 2018 மார்ச்சில் கென்யாவின் மாய் மாஹியூ அருகே நரோக் சாலையை அறுத்துக்கொண்டு ஒரு பெரும்பள்ளம் தோன்றியது. அதற்கு முன் அங்கே கனமழை பெய்திருந்தது. அந்தப் பகுதி முழுவதும் எரிமலைச் சாம்பல் படிந்த மண். பழைய வெடிப்புகளை அடைத்திருந்த சாம்பலை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, மேல்மண் உள்ளே சரிந்தது என்றே பல நிலவியலாளர்கள் விளக்கினார்கள்.

மெய்யான பிளவு எப்படி இருக்கும் என்பதை 2005 செப்டம்பரில் அஃபார் காட்டியது. டப்பாஹு எரிமலையை ஒட்டிச் சுமார் 60 கி.மீ. நீளத்துக்குப் பாறைக்குழம்பு தரைக்கடியில் ஒரு சுவரைப்போல ஏறி நுழைந்தது. சில வாரங்களுக்குள் சில இடங்களில் நிலம் 8 மீட்டர் வரை விலகியது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்திருந்த இழுவிசை அப்போது தீர்ந்தது. சாதாரண நாட்களில் எத்தியோப்பியாவின் முதன்மைப் பிளவு ஆண்டுக்கு 5, 6 மி.மீ. அகலும். நம் விரல் நகம் இரண்டு மாதத்தில் வளரும் அளவு அது. கண்டம் பிரிந்து நடுவே கடல் வருவதற்குப் பல லட்சம் தலைமுறைகள் ஆகும்.

மொசாம்பிக்கில் 7.0 வந்தும் இறந்தவர்கள் சிலர்தான் என்கிறார்கள். அகாதிரில் 6ஐக்கூடத் தொடாத நிலநடுக்கம் பல்லாயிரம் பேரைக் கொன்றதாகப் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. 1960 பிப்ரவரி 29, இரவு மணி 11.40. மொராக்கோவின் அகாதிரில் அது ரமலான் மாதம். ஊருக்கு நேர் கீழே, மிகக் குறைந்த ஆழத்தில் 5.7 அளவில் நிலம் அதிர்ந்தது. குலுக்கல் நீடித்தது சில விநாடிகள்தான். 12,000 முதல் 15,000 பேர் வரை இறந்தார்கள். அது அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இடிந்த பகுதிகளைக் கைவிட்டுத் தெற்கே புதிய ஊர் கட்டினார்கள்.

ரிக்டர் என்று நாளிதழ்கள் சொல்லும் எண், விடுபட்ட ஆற்றலின் அளவு. ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஆனால் ஒரு வீட்டை எட்டும் குலுக்கல் அந்த எண்ணை மட்டும் பொறுத்ததல்ல. தொலைவு, ஆழம், வீட்டுக்கடியில் இருப்பது பாறையா வண்டலா என்பதும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. மொசாம்பிக்கின் 7.0 மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மச்சாசே பகுதியில், குடிசைகளுக்கு நடுவே வந்தது. 1992இல் கெய்ரோவைத் தாக்கியது 5.8தான். மையம் நகரிலிருந்து முப்பது சொச்சம் கி.மீ. தள்ளி, தஹ்ஷூர் அருகே இருந்தது. ஆனாலும் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிகளில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கிய குழந்தைகள்.

அங்கே இதையெல்லாம் பதிவு செய்ய ஆட்களும் கருவிகளும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், நெடுநாளாகவே. எகிப்தின் ஹெல்வானில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலநடுக்கமானி வைக்கப்பட்டது. நம் கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதே காலத்தில் வைத்தார்கள். 1960களில் அமெரிக்கா உலகெங்கும் ஒரே மாதிரியான கருவிகளை நிறுவியபோது அடிஸ் அபாபா, நைரோபி, புலவாயோ, பிரிட்டோரியா ஆகியவை அந்த வலையமைப்பில் சேர்ந்தன. கொடைக்கானலும் அதில் இருந்தது. நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிப்பது அதன் முதன்மை நோக்கம். நிலநடுக்க ஆய்வுக்குக் கிடைத்தது பெரிய கொடை.

இன்று அல்ஜீரியாவில் கிராக் எனப்படும் வானியல், புவி இயற்பியல் ஆய்வு மையம், எகிப்தில் ஹெல்வான் தேசிய ஆய்வு நிறுவனம், எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் நிறுவனம், தென்னாப்பிரிக்காவில் புவி அறிவியல் குழுமம், காங்கோவில் லுவிரோ ஆய்வு மையம் ஆகியவை முக்கியமானவை. 2004இல் தொடங்கிய ஆஃப்ரிக்காஅர்ரே என்ற கூட்டு முயற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் அதை முன்னின்று நடத்தின. கருவிகளை நட்டுவிட்டுப் போகாமல், அவற்றின் பதிவுகளைப் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களையும் உருவாக்கினார்கள். அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையின் நிலையங்களும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, நைஜர், கென்யா உட்படப் பல நாடுகளில் இயங்குகின்றன. இவ்வளவு இருந்தும், கண்டத்தின் பரப்பை வைத்துப் பார்த்தால் நிலையங்கள் மிகக் குறைவு. பல நூறு கி.மீ. தொலைவுக்கு ஒன்றுகூட இல்லாத பகுதிகள் இருக்கின்றன.

ஒரு நிலையம் என்றால் பெரிய ஆய்வுக்கூடமா?

நான் மாணவர்களுடன் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிளவுப் பள்ளத்தாக்கில் ஒரு கிராமப் பள்ளி வளாகத்தின் மூலை. இடுப்பளவு குழி. அதில் இறக்கிய பிளாஸ்டிக் பீப்பாயின் அடியில் சிமெண்டுத் தளம். தளத்தின்மேல் நம் வீட்டுச் சாம்பார் சட்டி அளவில் ஓர் உலோக உருளை. அதுதான் நிலநடுக்கமானி. உருளையின் தலையில் ரசமட்டக் குமிழி. அது நட்டநடுவில் நிற்கும்வரை மூன்று கால்களையும் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். வெயில் ஏறும்போது உருளை விரிந்து பொய்ச் சைகை காட்டாமலிருக்க மேலே மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சூரியத் தகடு, கார் பேட்டரி, பதிவுப் பெட்டி, சுற்றிலும் முள்வேலி.

மடிக்கணினியை இணைத்ததும் மாணவன் ஒருவன் பத்தடி தள்ளி நின்று குதித்தான். திரையில் கோடு துள்ளியது. ஆனால் அவன் குதிப்பதற்கு முன்பும் சின்னச் சின்னத் துள்ளல்கள் இருந்தன. காவலாளிதான் காரணத்தைக் காட்டினார்: வேலிக்கம்பில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அது கயிற்றை இழுத்தபோதெல்லாம் கோடு அசைந்திருக்கிறது. நல்ல பதிவு வேண்டுமென்றால் நல்ல கருவி மட்டும் போதாது, அந்த ஊர்க்காரர்களின் ஒத்துழைப்பும் வேண்டும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். பேட்டரியும் சூரியத் தகடும் களவு போவது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் குறை. காவலாளிக்குச் சம்பளம் ஒழுங்காகப் போய்ச் சேரும் நிலையங்கள் பிழைத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவில் இருந்துகொண்டே உலகத்து நிலநடுக்கங்களை எல்லாம் சொல்லிவிடுகிறார்களே, பிறகு உள்ளூர் நிலையம் எதற்கு?

பெரிய நிலநடுக்கம் என்றால் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சிறியவை அங்கே எட்டாது. ஒரு நிலப்பிளவு, அதாவது பாறை முறிந்து நகரும் வெடிப்பு, எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஆழம் வரை உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பவை 2, 3 அளவுள்ள சிறு அதிர்வுகள்தான். மக்கள் உணராத அவற்றைப் பதிவு செய்ய அருகிலேயே கருவி இருக்க வேண்டும்.

கணக்கு எளியது. முதலில் வருவது வேகமான அலை, பின்னால் வருவது மெதுவான அலை. இரண்டுக்கும் இடைவெளி ஒரு விநாடி என்றால் நிலநடுக்கம் சுமார் 8 கி.மீ. தள்ளி ஏற்பட்டது என்று கொள்ளலாம். பத்து விநாடி என்றால் 80 கி.மீ. மூன்று நிலையங்களின் தொலைவை வட்டமாக வரைந்தால் வட்டங்கள் சந்திக்கும் இடம் தெரிந்துவிடும். ஆழத்தைச் சொல்வதுதான் கடினம். நிலையம் தொலைவில் இருந்தால் ஆழக் கணக்கில் பல கி.மீ. பிழை வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இது மிக முக்கியம். அங்கே மேலோடு பழையது, குளிர்ந்தது, தடித்தது. அதனால் சில பகுதிகளில் 30 கி.மீ. ஆழத்திலும் பாறை முறிகிறது. ஆழம் வரை முறியும் பிளவில் பெரிய நிலநடுக்கமும் வரலாம்.

மலாவியின் கரோங்காவில் 2009 டிசம்பரில் இரண்டு வாரத்துக்கு அதிர்வுகள் தொடர்ந்தன. டிசம்பர் 19 அன்று வந்த 6.0தான் அவற்றில் பெரியது. எந்தப் பிளவு நகர்ந்தது என்பதைச் சொல்லுமளவுக்குப் பக்கத்தில் நிரந்தர நிலையங்கள் இல்லை. தற்காலிகக் கருவிகளைக் கொண்டுபோய் நட்ட பிறகும் செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகும்தான் தெளிவு பிறந்தது.

எங்கள் பகுதியில் நூறு ஆண்டாக எதுவும் வரவில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் பாதுகாப்புதானே?

முதல் கேள்வியில் சொன்ன இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 8 இரவு மொராக்கோவின் அல் ஹவுஸ் மலைப்பகுதியில் 6.8 வந்தது. 1900க்குப் பிறகான பதிவுகளில், அந்த இடத்தைச் சுற்றி 500 கி.மீ.க்குள் 6ஐத் தொட்ட நிலநடுக்கமே இல்லை. இறந்தவர்கள் 2,900க்கும் அதிகம். 2017 ஏப்ரலில் போட்ஸ்வானாவில் 6.5 வந்த இடத்தில், வரைபடத்தில் குறிக்கப்பட்ட நிலப்பிளவு எதுவுமில்லை.

மலாவியின் தென்பகுதியில் பிலிலா–மடாகடாகா என்ற நிலப்பிளவு இருக்கிறது. 100 கி.மீ.க்கு மேல் நீளம். பல இடங்களில் தரை பத்து மீட்டரை ஒட்டிய உயரத்துக்குப் படிபோல எழும்பி நிற்கிறது. பழைய நிலநடுக்கங்கள் வைத்துவிட்டுப் போன படி அது. அந்தப் பிளவில் பெரிய நிலநடுக்கம் வந்ததாக எழுத்துப் பதிவு ஒன்றுமில்லை. முழு நீளமும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் 7.5 அளவுக்கோ அதற்கு மேலோ போகும். படியின் அடிவாரத்தில் இன்று ஊர்கள் இருக்கின்றன, மக்காச்சோளம் விளைகிறது.

எனவே கருவிக் காலத்துக்கு முந்தைய சான்றுகளைத் தேட வேண்டியிருக்கிறது. அடிஸ் அபாபாவில் 1950களின் இறுதியில் ஆய்வகத்தைத் தொடங்கிய பியேர் குவேன் என்ற கனடா நாட்டுக் குருவானவர், எத்தியோப்பிய வரலாற்றுக் குறிப்புகளையும் பயணிகளின் எழுத்துகளையும் சலித்து நூற்றாண்டுகளின் நிலநடுக்கங்களைத் தொகுத்தார். அல்ஜீரியாவில் எல் அஸ்னாமுக்குப் பிறகு பிளவுக்குக் குறுக்கே அகழி வெட்டி, மண் அடுக்குகள் எத்தனை முறை வெட்டுப்பட்டிருக்கின்றன என்று எண்ணினார்கள். அதே வட்டாரம் 1954இலும் இடிந்திருந்தது. அப்போது ஊரின் பெயர் ஓர்லியான்வில், 1980இல் எல் அஸ்னாம், இன்று ஷ்லெஃப். பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு இது ஒரே ஊர் என்றே தெரியாது.

நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் ‘475 ஆண்டுக்கு ஒருமுறை’ என்று போட்டிருக்கிறது. 475 ஆண்டு கழித்துத்தான் வருமா?

இல்லை. இந்தக் குழப்பம் பொறியாளர்களிடமும் இருக்கிறது. அடுத்த 50 ஆண்டுகளில் அந்த அளவுக் குலுக்கலைத் தாண்டுவதற்கு 10 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். நாளைக்கே வரலாம், ஆயிரம் ஆண்டு வராமலும் இருக்கலாம். ஒரு கட்டடத்தின் ஆயுளை 50 ஆண்டு என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

வரைபடம் மூன்று அடுக்குகளாக உருவாகிறது. எங்கே, எவ்வளவு அடிக்கடி நிலநடுக்கம் பிறக்கும் என்பது முதல் அடுக்கு. அதற்குப் பழைய பட்டியல், நிலப்பிளவுகள், ஜிபிஎஸ் காட்டும் விலகல் வேகம் எல்லாம் தேவை. அலை பாறையில் எவ்வளவு தூரம், எவ்வளவு வலுவோடு போகும் என்பது இரண்டாவது. அந்தந்த இடத்து மண் அதை எவ்வளவு பெருக்கும் என்பது மூன்றாவது. ஆப்பிரிக்காவில் பலவீனமானது இரண்டாம் அடுக்கு. பெரிய நிலநடுக்கத்தை அருகிலிருந்து பதிவு செய்த வலுவதிர்வுக் கருவிகள் மிகச் சில. அதனால் வேறு கண்டங்களின் சூத்திரங்களைக் கடன் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். உலக நிலநடுக்க மாதிரி என்ற அமைப்பின் துணையோடு சஹாராவுக்குத் தெற்கே உள்ள பகுதிகளுக்கு 2017இல் வெளிவந்த வரைபடம் பெரிய முன்னேற்றம். முன் கேள்வியில் சொன்ன மலாவிப் பிளவு போன்றவற்றைத் தனித்தனியாகச் சேர்க்கும் வேலை அதன் பிறகு நடந்துவருகிறது.

சுரங்கமும் அணையும் நிலநடுக்கத்தை உண்டாக்கும் என்கிறார்களே?

தூண்ட முடியும். ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பகிரும் கரிபா அணையில் நீர் நிரம்பிய காலத்தில், 1963 செப்டம்பரில், 6ஐத் தாண்டிய நிலநடுக்கம் வந்தது. 1967இல் மகாராஷ்டிராவின் கொய்னா அணையருகே வந்த நிலநடுக்கம் நமக்கு நினைவிருக்கும், அதே வகை. எகிப்தில் அஸ்வான் அணையின் நாசர் ஏரிக்கருகே 1981 நவம்பரில் நிலம் அதிர்ந்த பிறகு அங்கே தனிக் கண்காணிப்பு வலையமைப்பே அமைத்தார்கள். நீரின் எடையும் பாறை இடுக்குகளில் இறங்கும் நீரழுத்தமும் ஏற்கெனவே முறியத் தயாராக இருக்கும் பிளவை இளக்கிவிடுகின்றன.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் தனிக் கதை. சில இடங்களில் ஏறக்குறைய 4 கி.மீ. ஆழம் வரை தோண்டியிருக்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் பாறையைச் சுரண்டி எடுத்தால், சுற்றியுள்ள பாறை வெடித்துச் சிதறுகிறது, தொழிலாளர்கள் உயிரிழக்கிறார்கள். அதனால் உலகிலேயே நெருக்கமான நிலநடுக்கக் கண்காணிப்பு அந்தச் சுரங்கங்களுக்குள் வளர்ந்தது. 2014 ஆகஸ்டில் ஆர்க்னி நகரை உலுக்கிய 5.5 சுரங்க மட்டத்துக்கும் கீழே பிறந்தது. அந்த இடத்தை நோக்கிச் சுரங்கத்துக்குள்ளிருந்தே துளையிட்டுப் பாறையை எடுத்துப் பார்த்தார்கள்.

என் மகன் அடிஸ் அபாபாவில் இருக்கிறான். 2025இல் அங்கே நடந்தது நிலநடுக்கமா, எரிமலையா? டெல்லிக்குச் சாம்பல் வந்ததும் அதனால்தானா?

இரண்டு வெவ்வேறு இடங்கள். 2024 செப்டம்பர் இறுதியில் தொடங்கி 2025 முதல் மாதங்கள் வரை ஃபெண்டாலே, டோஃபென் எரிமலைகளுக்கு இடையே நிலம் ஓயாமல் அதிர்ந்தது. அடிஸ் அபாபாவுக்குக் கிழக்கே சுமார் 130, 150 கி.மீ. 2005 டப்பாஹுவில் நடந்ததைப் போலவே பாறைக்குழம்பு பக்கவாட்டில் நுழைந்ததுதான் காரணம். அவற்றுள் பெரியது பிப்ரவரி 14 இரவு வந்த 6.0. பல்லாயிரம் பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். பக்கத்தில் இருக்கும் கெசெம் அணை தாங்குமா என்பதே அப்போது எல்லோருக்கும் இருந்த பெரிய கவலை.

நான் அப்போது அடாமாவில் இருந்தேன். ஜனவரியில் ஒரு மாலை, பக்கத்து வீட்டில் காப்பி வறுத்து இடித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சினி என்று சொல்லும் பிடியில்லாத சிறு கோப்பைகள் தட்டில் வரிசையாக இருந்தன. முதலில் அவைதான் ஒன்றோடொன்று மோதி மெல்லக் கிணுகிணுத்தன. எங்களுக்குக் காலடியில் தெரிந்தது அதற்குப் பிறகே. வீட்டுக்கார அம்மா கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார், ஓடவில்லை. அந்த வாரத்தில் அது எத்தனையாவது முறை என்று அவர் எண்ணுவதை விட்டுவிட்டிருந்தார்.

சாம்பல் வந்தது வடக்கே அஃபாரில் உள்ள ஹய்லி குப்பி எரிமலையிலிருந்து. 2025 நவம்பர் 23 அன்று அது வெடித்தது. செங்கடல், யேமன், ஓமன் தாண்டி மறுநாள் இரவு சாம்பல் மேகம் வட இந்தியாவின் வானத்தை எட்டியது. இரண்டும் ஒரே பிளவுத் தொடரைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்கவில்லை.

முன்கூட்டியே சொல்ல முடியாதா?

நாள், இடம், அளவு மூன்றையும் சேர்த்துச் சொல்ல உலகில் யாராலும் முடியாது. அப்படிச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம். எரிமலை நிலவரம் சற்றே வேறு. பாறைக்குழம்பு நகரும்போது சிறு அதிர்வுகள், தரை வீங்குதல், வாயு மாற்றம் முதலிய அறிகுறிகள் பல நேரங்களில் தெரியும். அதனால்தான் ஃபெண்டாலேயில் மக்களை நகர்த்த முடிந்தது.

ஆப்பிரிக்கா பிளந்தால் தமிழ்நாட்டுக்கு ஏதாவது ஆகுமா? சுனாமி வருமா?

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவு நிலத்துக்குள் இருக்கிறது, மெதுவாக விலகுகிறது. அதனால் நமக்குச் சுனாமி வராது. எதிர்த் திசையில் நடந்தது உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரையை அழித்த அதே அலை, ஏழு மணி நேரம் போலப் பயணம் செய்து சோமாலியாவின் ஹாஃபுன் பகுதியை அடித்தது. அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். அவ்வளவு நேரம் கையில் இருந்தும் அவர்களுக்குச் சொல்ல அன்று ஓர் அமைப்பு இல்லை. ஆப்பிரிக்காவின் வடகரையில் ஆபத்து உள்ளூரிலேயே இருக்கிறது. 2003இல் அல்ஜீரியாவின் பூமெர்டெஸ் நிலநடுக்கம் கிளப்பிய அலை எதிரே ஸ்பெயினின் பலேரிக் தீவுத் துறைமுகங்களில் படகுகளைக் கவிழ்த்தது.

மண் வீடுகளால்தான் இவ்வளவு சாவு என்கிறார்கள். கான்கிரீட் வீடு கட்டினால் சரியாகிவிடுமா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பூமெர்டெஸில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தது பெரும்பாலும் கான்கிரீட் கட்டடங்களில். அவற்றுள் பல, கட்டி அதிக ஆண்டு ஆகாதவை. 1980க்குப் பிறகு அல்ஜீரியாவில் நிலநடுக்க விதிமுறை இருந்தது. கம்பி கட்டும் இடத்தில் அதைப் பார்ப்பதற்கு ஆளில்லை. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் வளையக் கம்பி நெருக்கமாக இல்லையென்றால், மேல்தளம் அப்படியே கீழ்த்தளத்தின்மேல் உட்கார்ந்துவிடும்.

மொராக்கோ மலைக்கிராமங்களில் மண்ணும் கல்லும் சேர்ந்த தடித்த சுவர் வெயிலுக்கும் பனிக்கும் ஏற்றது. அந்த வீடுகளில் குறை சேர்மானத்தில்தான் இருக்கிறது. மூலையில் சுவரும் சுவரும் பிணைந்திருப்பதில்லை, கூரை உத்தரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சுவரைச் சுற்றி நான்கு புறமும் ஓடும் ஒரு பட்டை, நம் கொத்தனார்கள் பெல்ட் என்று சொல்வது, மரத்தில் இருந்தாலும்கூட வித்தியாசம் பெரிது. மண் கட்டடத்துக்கென்றே மொராக்கோ தனி விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. அது மலை உச்சிக் கிராமத்துக் கொத்தனார் கையில் போய்ச் சேர வேண்டும்.

அவ்வளவு ஏழை நாடுகளில் கருவிக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் வீடு கட்டிக் கொடுக்கலாமே?

இதை அடாமாவில் ஒரு மாணவி வகுப்பில் எழுந்து கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இப்போது சொல்வதானால்: எந்த ஊரில், எந்த மண்ணில், எவ்வளவு குலுக்கலுக்குத் தாங்கும் வீடு என்பதை அந்தக் கருவிகள்தான் சொல்ல வேண்டும். கரோங்காவைப் போல ஏரிக்கரை வண்டலில் கட்டும் வீடும் பாறைமேல் கட்டும் வீடும் ஒரே கணக்கில் அடங்கா.

காங்கோவின் கோமா நகரை நினைத்துப் பாருங்கள். நைராகொங்கோ எரிமலையைக் கவனிக்கும் அந்த ஊர் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்த உலக வங்கி உதவி 2020இல் நின்றது. தொலைவில் உள்ள கருவிகளோடு இணையத் தொடர்புக்குக் கட்டும் பணமே இல்லாமல் மாதக்கணக்கில் பதிவுகள் வராமல் போயின. 2021 மே 22 மாலை, எச்சரிக்கை இல்லாமல் லாவா நகரை நோக்கி இறங்கியது. அந்த எரிமலை முன்னறிவிப்பில்லாமலே வெடிக்கும் வகை என்று சொல்பவர்களும் உண்டு. கருவி ஓடியிருந்தால் தெரிந்திருக்கும் என்று அறுதியிட முடியாது. ஆனால் இணையக் கட்டணம் இல்லாமல் ஒரு பெருநகரின் காது அடைபட்டுக் கிடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குள்ள கருத்து வேறுபாடு செலவின் வகையில்தான். வெளிநாட்டுத் திட்டம் விலையுயர்ந்த கருவியைக் கொண்டுவருகிறது. இரண்டு, மூன்று ஆண்டில் திட்டம் முடிகிறது. நான்காம் ஆண்டில் பேட்டரி சாகிறது, அதை மாற்றுவதற்கு யாருடைய வரவுசெலவிலும் இடமில்லை. பத்துக் கருவிக்குக் கொடுப்பதை ஏழு கருவிக்குக் கொடுத்து, மீதியை உள்ளூர்த் தொழில்நுட்பரின் சம்பளத்துக்கும் வண்டி எரிபொருளுக்கும் பத்து ஆண்டுக்கு ஒதுக்க வேண்டும். கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை பிளவுப் பள்ளத்தாக்கு நிலையங்களுக்குப் போய்ப் பேட்டரியைச் சோதித்து, வேலியைப் பார்த்து, பதிவை இறக்கி வருகிறார். சென்ற முறை அனுப்பிய படத்தில், வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி, ஓர் அகேசியா மரத்தடியில் ஆடு கட்டியிருந்தது.